மூன்று அங்குலம் திறந்த கதவு

ஒக்டோபர் 2, திங்கள்

ஒக்டோபர் மாதத்தில் யாரும் நாட்குறிப்பு தொடங்குவதில்லை. நான் தொடங்குவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் இன்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வந்தால் பதிவு செய்ய வேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்த பழக்கம், கனடாவுக்கு வந்தும் போகவில்லை.

கடிதத்தின் சாரம்: 12ஆம் திகதி காலை பத்து மணிக்கு ஹோம்கெயார் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என் வீட்டுக்கு வந்து என்னை மதிப்பீடு செய்வார். மாகாண அரசின் செலவில் எனக்குக் கிடைக்கும் வாரம் மூன்று மணித்தியால உதவி தொடருமா, நிற்குமா என்பது அதன் பிறகு தெரியும்.

நான்கு தடவை வாசித்தேன். ‘மதிப்பீடு’ என்பதற்குப் பென்சிலால் அடிக்கோடு இட்டேன். அதாவது பரீட்சை. நான் கடைசியாகப் பரீட்சை எழுதியது 1968இல்.

ஒக்டோபர் 4, புதன்

தவமலர் சரியாக ஒன்பது மணிக்கு வந்தாள். திங்கள், புதன், வெள்ளி அவளுடைய நாட்கள். முள்ளியவளை ஊர்ப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும். அரசாங்கம் அவளை அனுப்புவது வீட்டை ஒதுக்கவும், காலைச் சாப்பாடு செய்யவும், என்னைக் குளிக்க வார்க்கவும்.

உதவிக்கு வருகிற பெண் அலங்கோலமான வீட்டைப் பார்க்கக் கூடாது. ஆகவே அவள் வரும் முன் கூட்டி, துடைத்து, கோப்பை கழுவி, தேத்தண்ணியும் போட்டு வைத்துவிடுவேன். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடிகிறது. இடையிடையே நான்கு இடங்களில் கதிரை போட்டிருக்கிறேன். ஓய்வுக்கு அல்ல, யோசிப்பதற்கு.

“ஐயா, இந்த வேலைக்குத்தான் என்னை அனுப்பீனம். எல்லாத்தையும் நீங்களே செய்து வைச்சா நான் வந்து என்ன செய்யிறது?”

“தேத்தண்ணி ஆறுது பிள்ளை. முதல்ல குடியுங்கோ.”

குளிப்பு விடயத்தில் நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். பிறர் கையால் குளிப்பது எனக்கு இயலாத காரியம். அவளோ, “நீங்கள் விழுந்தா என்ரை வேலை போகும்” என்றாள். ஆகவே கதவு மூன்று அங்குலம் திறந்திருக்கும். (அடிமட்டத்தால் அளந்து, நிலத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.) வெளியே கதிரையில் அவள் இருப்பாள். தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையிலிருந்து மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசிப்பாள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் அவள் உள்ளே வந்துவிடுவாள். அந்தப் பயத்தில் தெரியாத ஆட்களையும் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று, “அளவெட்டி, குலவீரசிங்கம். எண்பத்தெட்டு வயசு” என்று வாசித்தாள்.

“ஓம், ஓம். அவரின்ரை காணியை நான்தான் படம் கீறினனான். கிழக்கெல்லையிலை ஒரு பனை நிண்டது. அதாலை தமையனோடை பதினேழு வருசம் கதைக்கேல்லை.”

“கடைசியிலை பனை ஆருக்குப் போனது?”

“விழுந்திட்டுது.”

அவள் சிரித்தது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. இந்த வீட்டில் வேறு சத்தம் அதிகம் இல்லை. அதனால் தெளிவாகக் கேட்டிருக்கலாம்.

கட்டிலிலிருந்து குளியலறைக்கு: 17 காலடி. பங்குனியில் 14. செருப்பு புதியது.

ஒக்டோபர் 7, சனி

மகள் வதனி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தாள். கடிதத்தைக் காட்டினேன்.

“அப்பா, அவர் என்ன கேட்டாலும் ஏலாது எண்டு சொல்லுங்கோ. ஏலுமெண்டா தவமலரை நிப்பாட்டிப் போடுவினம். விளங்குதோ?”

“பொய் சொல்லுறதோ பிள்ளை?”

“பொய்யில்லை. உங்களுக்கு மெய்யாவே ஏலாது.”

அது அவளுடைய கருத்து. பதிவு செய்கிறேன். ஆனால் நாலு வருடமாக வருகிற பிள்ளையை நிறுத்துவார்களா? எதற்கும் நன்றாகத் தயாராகிவிடுவது நல்லது. நல்ல புள்ளி எடுத்தவனை எந்த அலுவலகமும் தண்டித்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒக்டோபர் 10, செவ்வாய்

கைபிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பச் சொல்வார்களாம். கீழ்வீட்டுச் சற்குணம் சொன்னார். பயிற்சி செய்தேன். காலை 4 தடவை, மாலை 6.

ஒக்டோபர் 11, புதன்

தவமலர் போன பிறகு வீட்டை ஒழுங்கு செய்தேன். குளிக்கிற கதிரை, நாலு கால் தடி, தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டி மூன்றையும் குளிர்கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு தடவை திறந்துகொண்டது. கோட்டுப் பட்டியால் கட்டினேன். அதிகாரி வரும்போது வீடு ஆஸ்பத்திரி போல் இருக்கக் கூடாது.

ஒக்டோபர் 12, வியாழன்

பரீட்சை முடிந்தது. எப்படிச் செய்தேன் என்று நானே சொல்வது அழகல்ல. ஆனால் இது என் நாட்குறிப்பு.

அதிகாரி ஒரு தமிழ்ப் பொடியன். பெயர் கஜன். முப்பத்திரண்டு வயது, தாடி, நல்ல மரியாதை. இங்கே வளர்ந்த தமிழ்.

“அங்கிள், டை எல்லாம் கட்டியிருக்கிறீங்க! எங்கயாவது போறீங்களா?”

“இல்லைத் தம்பி. நீங்கள் வாறியள் எண்டுதான்.”

முதலில் மூன்று சொற்கள் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார்: குடை, மேசை, எலுமிச்சம்பழம். பிறகு மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். பதினொன்று பத்து காட்ட வேண்டும். “என்ன அளவுத்திட்டம்?” என்று கேட்டேன். “சும்மா கீறுங்க அங்கிள்” என்றார். சும்மா கீறுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கவராயம் எடுத்து வந்து, அறுபது நிமிடக் கோடுகளும் போட்டு, அளவுத்திட்டம் ஒன்றுக்கு நான்கு என்று எழுதி, மூலையில் வடக்கு அம்புக்குறியும் இட்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் அதைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

எழும்பி இருத்தல்: அரை நிமிடத்தில் 11. என் வயதுக்கு 8 போதுமாம்.

மூன்று சொற்களையும் நேராகவும் தலைகீழாகவும் சொன்னேன். தலைகீழாக அவர் கேட்கவில்லை.

“குளிக்கிறது, உடுப்பு மாத்திறது, சமைக்கிறது எல்லாம்?”

வதனி சொன்னது நினைவுக்கு வந்தது. ‘ஏலாது’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவர் பேனையுடன், ஒரு பரிசோதகரைப் போல, பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் செய்வன் தம்பி.”

“வெரி குட் அங்கிள். கலக்கிறீங்க!”

ஒக்டோபர் 13, வெள்ளி

இன்று முழுவதும் வாசிப்பில் கழிந்தது. படுத்திருந்து வாசித்தேன்.

தவமலர் தானே வீட்டைக் கூட்டினாள். “என்ன ஐயா, பாஸோ?” என்று கேட்டாள்.

“நூறு புள்ளி எண்டுதான் நினைக்கிறன்.”

கூட்டுமாற்றை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “நூறோ! ஐயோ ஐயா, இது பெயில் விட வேண்டிய சோதினையெல்லோ.”

“இருக்காது பிள்ளை.”

அவள் மிச்சத்தையும் கூட்டி முடித்தாள். குளிப்பும் இன்று வேண்டாம் என்றேன். கால் விறைத்திருந்தது.

ஒக்டோபர் 20, வெள்ளி

கடிதம் வந்தது. பாராட்டுகிறார்கள். நான் என் அன்றாடக் காரியங்களில் முழுச் சுதந்திரம் உள்ளவனாம். ஆகவே நவம்பர் 3ஆம் திகதியுடன் உதவி நிறுத்தப்படுகிறது.

தவமலரிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் வாசித்தாள்.

“வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இனி வேறை வீடு தருவினம்.”

“நல்ல ஆக்களாய் இருக்க வேணும்.”

“உங்களை மாதிரித் துடைச்சு வைக்க மாட்டினம்” என்றாள்.

ஒக்டோபர் 21, சனி

வதனி வந்தாள். புட்டு இல்லை. கடிதத்தைக் காட்டி, பரீட்சையில் நடந்ததையும் சொன்னேன்.

“மணிக்கூட்டுக்கு ஆரப்பா வடக்கு போடுறது?”

“எந்தப் படத்துக்கும் வடக்கு போட வேணும்.”

“தவமலர் இல்லாட்டி ஆர் உங்களைப் பாக்கிறது? நான் ரெண்டு வேலை. நீங்கள் இங்கை தனிய விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்?”

அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்து, மேன்முறையீடு செய்தாள். நவம்பர் 2, வியாழன், பத்து மணிக்கு மீண்டும் மதிப்பீடு. அதே கஜன்.

இந்த முறை நான் சித்தியடையக் கூடாது. வாழ்க்கையில் இப்படி ஒரு பாடத்துக்குப் படித்ததில்லை.

ஒக்டோபர் 24, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. குளியலறைத் திரையின் கம்பி கழன்று விழுந்தது. அதற்கு நான் காரணம் அல்ல, அல்லது முழுக் காரணம் அல்ல.

ஒக்டோபர் 25, புதன்

“ஐயா, இந்தக் கம்பி தானா விழுந்ததோ?”

“பழங்கம்பி பிள்ளை.”

“முழங்கையும் பழசோ? நீலமாய்க் கிடக்கு.”

மருந்தெண்ணெய் பூசினாள். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த வியாழன் அந்தத் தம்பியிட்டைச் சொல்லுங்கோ ஐயா. உள்ளதைச் சொன்னாப் போதும்.”

கட்டிலிலிருந்து குளியலறைக்கு: 21 காலடி. அதே செருப்பு.

ஒக்டோபர் 28, சனி

வதனி அதிகாரியாக நடித்தாள். நான் நானாக நடித்தேன்.

“கதிரையிலையிருந்து எழும்புங்கோ.”

எழும்பினேன்.

“அப்பா!”

“பிழை விட்டிட்டன். திருப்பிக் கேள்.”

இம்முறை பாதியில் நின்று, நெஞ்சைப் பிடித்து, கண்ணை மூடி, மெல்ல முனகினேன்.

“நெஞ்சில்லை அப்பா, முழங்கால்! நெஞ்சைப் பிடிச்சா அம்புலன்ஸ் வரும்!”

“சரி. முழங்கால்.”

“போன முறை சொன்ன மூண்டு சொல்லும் என்ன?”

“குடை, மேசை, எலுமிச்சம்பழம்.”

“அதை மறக்கச் சொன்னனான்.”

“எதை மறக்க வேணும் எண்டு ஞாபகம் வைச்சிருக்க வேணுமே பிள்ளை.”

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். இரண்டும் இருந்திருக்கலாம். சரியாகத் தெரியவில்லை.

நவம்பர் 1, புதன்

மறக்க முயன்றேன். குடை, மேசை, எலுமிச்சம்பழம்.

நவம்பர் 2, வியாழன்

இன்றையதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வதனி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. கஜன் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். தவமலர் போனதும் அந்த மூன்றையும் இன்னும் அலுமாரிக்குள்தான் கட்டி வைக்கிறேன். அங்கிருந்து தடியையும் வண்டியையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று வதனி பட்டியல் எழுதித் தந்திருந்தாள். நான் டை கட்டுவதில் நேரம் போக்கிவிட்டேன்.

“எப்பிடி இருக்கிறீங்க அங்கிள்?”

“நல்ல சுகம் தம்பி.”

வீட்டுக்கு வந்த ஆளுக்கு வேறு என்ன சொல்வது? முதல் கேள்வியிலேயே பிழை விட்டுவிட்டேன், அதாவது சரியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் கோப்பைப் புரட்டி, “உங்கட மகள் குளிக்கிறதுதான் பிரச்சினை எண்டு சொன்னா. எப்பிடிக் குளிக்கிறீங்க எண்டு செய்து காட்டுறீங்களா? தண்ணி வேண்டாம். உடுப்போட” என்றார்.

எங்கள் முறையை விளக்கினேன். நிலத்துக் கோட்டைக் காட்டினேன். பத்திரிகையைக் கொடுத்தேன். கஜன் பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மரண அறிவித்தலா அங்கிள்?”

“ஓம். நாலாம் பக்கத்திலையிருந்து.”

“நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில மூண்டாம் வகுப்பு வரைக்கும்தான்.”

“ஆறுதலா வாசியுங்கோ. அவையளுக்கு அவசரமில்லை.”

கதவைக் கோட்டில் நிறுத்தினேன். டையுடனும் சப்பாத்துடனும் தொட்டிக்குள் ஒரு காலை வைத்தேன். மறு காலையும் வைத்தேன். பிறகு வழக்கம்போல் குளிக்கிற கதிரையில் இருக்கப் போனேன். கதிரை கோட்டுகளுக்குள் இருந்தது. பாதி இருந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. பிடிப்பதற்குக் கம்பியும் இல்லை. மெல்ல மெல்லக் கீழே போய், தொட்டியின் அடியில், கால்களை நீட்டியபடி இருந்துவிட்டேன். அடிபடவில்லை. சத்தமும் வரவில்லை.

வெளியே கஜன் எழுத்தெழுத்தாகத் தொடங்கினார். “யாழ்ப்பாணம், ச…சங்கானையைப் பி…பிறப்பிடமாகவும்…”

“ஓம்” என்றேன்.

எழும்பப் பார்த்தேன். முடியவில்லை.

“கொழும்பை வதி…விடமாகவும் கொண்ட…”

“ஓம்.”

ஒரு பக்கமாகத் திரும்பி முழந்தாளில் நிற்கப் பார்த்தேன். சப்பாத்து வழுக்கியது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் இவ்வளவு பாடுபட்டு வாசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவது சரியாகப் படவில்லை. அடுத்த ஆள் முடியட்டும் என்று இருந்தேன். அடுத்தவர் புங்குடுதீவு. அதற்கடுத்தவர் வல்வெட்டித்துறை, ஒன்பது பிள்ளைகள். மருமக்களின் பெயர்களையும் கஜன் விடவில்லை. நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். மரண அறிவித்தல்கள் முடிந்து முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிகள் வந்தன. அவை முடிந்து வீடு விற்பனை வந்தது. நான்கு அறை, இரண்டு குளியலறை. “ஓம்” என்றேன். பிறகு ராசிபலன்.

“உங்கட ராசி என்ன அங்கிள்?”

“கன்னி.”

“வாகன யோகம் இருக்காம்.”

“சந்தோசம் தம்பி.”

கடைசியில், “அங்கிள், பேப்பர் முடிஞ்சுது” என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். ஐந்து எண்ணினேன். தவமலர் என்றால் வந்திருப்பாள். கஜனுக்கு அந்த விதியைச் சொல்ல மறந்துவிட்டேன். மீண்டும் ஐந்து எண்ணினேன். வெளியே பத்திரிகையை மடிக்கும் சத்தம் கேட்டது. அவர் போய்விட்டால், நாளைக்குத் தவமலர் வருவாள், அது கடைசி நாள். அதற்குப் பிறகு இப்படி இருந்தால், ஓம் சொல்வதற்கும் எதிரே ஆள் இருக்காது.

“தம்பி, ஒருக்கா உள்ளை வாறீங்களோ? எனக்கு எழும்ப ஏலாது.”

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிய பின் தொட்டிக்குள் அது ஒருமுறை எதிரொலித்தது.

கதவு மூன்று அங்குலத்தைத் தாண்டித் திறந்தது.

“அங்கிள்! எவ்வளவு நேரமா இப்பிடி இருக்கிறீங்க?”

“சங்கானையிலையிருந்து.”

அவர் தொட்டிக்குள் இறங்கி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது வதனி வந்தாள். அவள் கண்டது: தொட்டிக்குள் டை கட்டிய தகப்பன், அவரைக் கட்டிப்பிடித்தபடி அரசாங்க அதிகாரி, அவர் வாயில் கவ்வியபடி மரண அறிவித்தல் பத்திரிகை.

“அப்பா, நடிச்சது காணும்” என்றாள்.

“நடிக்கேல்லை பிள்ளை” என்றேன்.

கஜன் என்னைக் கதிரையில் இருத்தினார். துணைக்கருவிகள் ஏதும் உண்டா என்று கேட்டார். அலுமாரியைக் காட்டினேன். பட்டியை அவிழ்த்ததும் தடி, வண்டி, குளிக்கிற கதிரை, இரண்டு கோட்டுகள், ஒரு குடை எல்லாம் அவர் மேல் விழுந்தன.

“குடை” என்றார் கஜன், தலையைத் தடவியபடி.

“மேசை, எலுமிச்சம்பழம்” என்று வாயில் வந்துவிட்டது. வதனி நெற்றியில் அடித்தாள்.

“அது பரவாயில்ல அக்கா. அங்கிளுக்கு மூளை நூறுதான். அத மாத்தி எழுத ஏலாது” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, பேனையை மூடி வைத்துவிட்டு, “இந்த வருசம் எத்தின தரம் விழுந்தீங்க அங்கிள்?” என்று கேட்டார்.

பேனை மூடியிருந்ததால் பதில் சொல்வது இலகுவாக இருந்தது.

“இண்டைக்கு விழேல்லை, இருந்தனான். அதை விட்டா மூண்டு. ஒண்டு கம்பியோடை.”

வதனி குசினிக்குள் போய் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

நவம்பர் 3, வெள்ளி

படத்தில் பிழை இருந்தால் அழிக்கக் கூடாது. திருத்தம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். ஆகவே: 24ஆம் திகதி கம்பி தானாக விழவில்லை. 13ஆம் திகதி நான் வாசிக்கவில்லை, எழும்ப முடியவில்லை. நான்கு கதிரைகளும் ஓய்வுக்குத்தான். செருப்பில் குற்றமில்லை.

சி. அருளம்பலம்.

தவமலர் இன்று கடைசி நாள் என்று கீரைவடை கொண்டு வந்தாள். முடிவு வரும்வரை கடைசி நாள் அல்ல என்று கஜன் சொன்னதைச் சொன்னேன். “அப்ப வடையைத் திருப்பிக் கொண்டு போகட்டோ?” என்றாள். ஐந்து சாப்பிட்டேன்.

நவம்பர் 10, வெள்ளி

கடிதம் வந்தது. வாரம் ஐந்து நாள். சுவரில் இரண்டு பிடிகம்பிகள் பூட்டுவார்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்: உதவி தேவை என்பதை இவர் தாமதமாகவே தெரிவிப்பார்.

சரியான மதிப்பீடு. புள்ளி எத்தனை என்று போடவில்லை.

இன்று எட்டரைக்கு எழும்பினேன். தேத்தண்ணி மட்டும் போட்டேன். தவமலர் வந்து கழுவாத கோப்பைகளைப் பார்த்து, “ஐயாவுக்குச் சுகமில்லையோ?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குளிக்கப் போகும்போது கதவை ஆறு அங்குலம் திறந்து வைத்தேன். புதுக் கோடு இன்னும் போடவில்லை. இருந்து பார்த்துப் போடலாம்.

“கோண்டாவில், மாசிலாமணி தியாகலிங்கம். தொண்ணூற்றொரு வயசு. தெரியுமோ ஐயா?”

யோசித்தேன். ஐந்து எண்ணும் அளவுக்கு யோசித்தேன். கதிரை அசையும் சத்தம் கேட்டது.

“தெரியாது பிள்ளை. நான் இருக்கிறன். அடுத்ததை வாசியுங்கோ.”